கடன்பட்டு மெஷின் வாங்குமுன் ஓர் இரும்புத் தகடு



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. அஸருக்குப் பிறகு கடையில் கூட்டம் குறைந்திருந்த நேரம். வழக்கமாக வரும் வேர்க்‌ஷொப் தம்பி ஒருவர் வந்து, "காக்கா, ரெண்டரை மில்லி டெப் இன்னொரு பக்கெட் தாங்க" என்றார். அந்தக் கிழமையில் அவர் வாங்கிய மூன்றாவது பக்கெட் அது. டெப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி. ஒழுங்காகப் பாவித்தால் ஒன்றே நூற்றுக்கணக்கான துளைகளுக்குப் போதும். ஒரு கிழமையில் மூன்று பக்கெட் முடிகிறது என்றால் எங்கோ பிழை இருக்கிறது. விற்கிறவன் நான், எனக்கு நட்டமில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க மனம் வரவில்லை.

"எல்லாம் முறியுது காக்கா. மெஷின் சரியில்ல. ஒரு ஃபினான்ஸ்ல பேசிட்டன், பெரிய மெஷின் ஒண்டு எடுக்கப் போறன்" என்றார்.

தம்பி செய்வது வில்லுக்கத்தி. மடக்கிப் பையில் போடும் கத்தி. முன்பு கேற்றும் கிறில்லும் செய்து வந்தவர். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இரும்பு விலை எகிறி, வீடு கட்டுகிறவர்கள் கையை மடக்கிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மடக்குக் கத்திகளும் விலை ஏறின. அந்த இடைவெளியில் இவர் புகுந்தார். லொறி வில்லில் அலகு, பித்தளையில் பக்கத்தகடு, எருமைக் கொம்பிலோ முதிரைப் பலகையிலோ கைபிடி. மட்டக்களப்புத் தயிருக்கு எருமை வளர்க்கும் பகுதியில் கொம்புக்கா பஞ்சம்? வாவியில் வலை இழுக்கிறவர்கள் வாங்குகிறார்கள். ஒட்டுமாங்கன்று கட்டுகிறவர்கள் வாங்குகிறார்கள். வெற்றிலை போடும் வயதானவர்களும் வாங்குகிறார்கள். பொருள் நல்லது. ஒரு டசின் கேட்டால் பத்து நாள் ஆகிறது என்பதுதான் அவருடைய பிரச்சினை. கடைக்காரன் பத்து நாள் காத்திருக்க மாட்டான்.

கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் வேலையை ஒரு தடவை பார்க்க வருகிறேன் என்று சொல்லி, சனிக்கிழமை காலையில் போனேன். நான் எஞ்சினியர் அல்ல. ஓ.எல். வரை படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் முப்பது வருடமாக ட்ரில் பிட்டும் டெப்பும் விற்கிறேன். யார் எதை வாங்குகிறார், எதைத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று பார்த்தே சில விஷயங்கள் பழகிவிடும்.

முதலில் எண்ணினேன். ஒரு கத்திக்கு இரண்டு பக்கத்தகடு. ஒவ்வொன்றிலும் மூன்று ஆணித்துளை: அலகு சுழலும் அச்சாணிக்கு ஒன்று, முதுகில் இருக்கும் வில்லைப் பிடிக்க இரண்டு. கைபிடியைப் பூட்ட மேலும் இரண்டு மரைத்துளை. ஆக ஒரு தகட்டில் ஐந்து, இரண்டில் பத்து. அலகில் ஒன்று, வில்லில் இரண்டு, கைபிடித் துண்டுகள் இரண்டிலும் இரண்டிரண்டாக நான்கு. மொத்தம் 17 துளை. ஒரு டசினுக்கு 204.

தம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்கிறார். அடிமட்டம் வைத்து அளக்கிறார், கீறுகிறார், சென்டர் பன்ச்சை வைத்துத் தட்டுகிறார், வைஸில் இறுக்குகிறார், பிட்டை நேர் பார்த்து இறக்குகிறார், கழற்றுகிறார், பிசிறை அரத்தால் எடுக்கிறார். கைக்கடிகாரத்தில் பார்த்தேன், ஒரு துளைக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். 204 துளைக்கு 612 நிமிடம், அதாவது பத்து மணித்தியாலத்துக்கு மேல். இதில் பிட் உலோகத்தைத் தொட்டு வெட்டிய நேரம் எவ்வளவு? ஒரு துளைக்குப் பன்னிரண்டு செக்கன் என்று வைத்தாலும் 204க்கும் சேர்த்து 41 நிமிடம்தான்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய மெஷின் வாங்கினால் குறைவது அந்த 41 நிமிடத்தில் ஒரு பகுதி. மீதி ஒன்பதரை மணித்தியாலம் அளப்பதிலும் கீறுவதிலும் பூட்டிக் கழற்றுவதிலும் போகிறது. அதை எந்தக் குதிரை வலு மோட்டாரும் குறைக்காது. தம்பி கடன்பட இருந்தது அந்த 41 நிமிடத்துக்காக.

இதற்கு மருந்து, உலகமெங்கும் கத்தி செய்கிறவர்கள் பாவிக்கும் ஒரு சாதாரணத் தகடு. ஆங்கிலத்தில் ஜிக் என்பார்கள், நாம் அச்சுத்தகடு என்போம். ஆறு மில்லிமீற்றர் தடிப்பான உருக்குத் தகடொன்றில், பக்கத்தகட்டின் ஐந்து துளைகளையும் மிகச் சரியான இடத்தில் ஒரே ஒரு தடவை போட்டு, தகட்டைக் காய்ச்சிக் கடினமாக்கிவிட வேண்டும். லொறி வில்லிலேயே இதைச் செய்யலாம். அதைப் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் மெல்ல ஆறவிட்டால் மென்மையாகும். துளைத்த பிறகு மீண்டும் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இறுகும். அலகுக்கு அவர் செய்கிற அதே வேலைதான். இன்னும் நன்றாகச் செய்ய விரும்பினால் துளைகளில் கடின உருக்குப் புஷ்களை அடித்து இறக்கலாம். புஷ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இனி அளக்கவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், பன்ச் அடிக்கவும் வேண்டாம். ஒன்றரை மில்லிமீற்றர் பித்தளைத் தகடு நான்கை அடுக்கி, மேலே அச்சுத்தகட்டை வைத்து, கிளாம்பில் இறுக்கித் துளைக்கிறோம். முதல் துளை முடிந்ததும் அதற்குள் அதே அளவு ஆணியொன்றை விட்டுவிட வேண்டும். இரண்டாவது துளை முடிந்ததும் அதிலும் ஓர் ஆணி. அதன் பிறகு அந்த அடுக்கு அசையாது. இறுக்கம் மட்டும் குறையக்கூடாது. தகடுகளுக்கிடையில் சீவல் புகுந்தால் பிசிறு கிளம்பி எல்லாம் வீணாகும்.

கணக்கைத் திரும்பப் பாருங்கள். பன்னிரண்டு கத்திக்கு 24 பக்கத்தகடு. தனித்தனியாகப் போட்டால் 120 துளை. நான்கு நான்காக அடுக்கினால் ஆறு அடுக்கு, அடுக்குக்கு ஐந்து தடவை, மொத்தம் 30. அலகையும் வில்லையும் இரண்டிரண்டாக அடுக்கினால் 36 தடவை என்பது 18 ஆகும். கைபிடித் துண்டுகளை ஒவ்வொன்றாகவே போட்டாலும் 48. ஆக 204 தடவை என்பது 96 தடவையாகிறது. அந்த 96இலும் கீறும் வேலை இல்லை.

நேரம் மிச்சமாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. எல்லாத் தகடும் ஒரே அளவாக வருவதால் எந்த அலகும் எந்தக் கத்தியிலும் பொருந்தும். தம்பியின் பழைய முறையில் ஒவ்வொரு கத்தியையும் கடைசியில் அரத்தால் இழுத்து இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தது. பத்து நாளில் பாதி அதில்தான் போனது.

தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை எல்லோரும் பயானில் கேட்டிருப்போம். சூரா ஸபஃவில் அதற்கு அடுத்த வசனத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கவசம் செய்யும்போது அதன் வளையங்களை அளவாக இணைக்கும்படி அங்கே அவருக்குக் கட்டளை வருகிறது. இரும்பு மென்மையாகக் கிடைத்த பிறகும் அளவு தேவைப்பட்டிருக்கிறது. நமது இரும்போ மென்மையானதும் அல்ல.

ஓர் எச்சரிக்கை. முதுகு வில்லின் நடு ஆணித்துளையை மட்டும் எடுத்த எடுப்பிலேயே அச்சுத்தகட்டில் போட்டுவிடாதீர்கள். கத்தி 'டக்' என்று திறந்து மூடுவது அந்த வில் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் கத்தியைக் கையால் பொருத்தி, திறந்து மூடிப் பார்த்து, மனதுக்குப் பிடித்த பிறகே அந்த இடத்தைத் தகட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் பன்னிரண்டு கத்தியும் ஒரே மாதிரித் தளர்வாக வரும்.

அச்சாணித் துளையைப் பிட்டால் மட்டும் முடித்துவிடுவதும் தவறு. ட்ரில் பிட் போடும் துளை முழு வட்டமாகவும் இருக்காது, சொன்ன அளவாகவும் இருக்காது. 5 மில்லிமீற்றர் ஆணி என்றால் 4.8இல் துளைத்து, ரீமரால் 5 ஆக்க வேண்டும். ரீமர் விலையைக் கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் கத்தி ஆடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். அலகைக் கடினமாக்குவதற்கு முன்பே துளையும் ரீமரும் முடிந்திருக்க வேண்டும். கடினமாக்கிய பிறகு சாதாரண பிட் அதில் வழுக்கும், முனை கருகும், அவ்வளவுதான்.

அடுத்தது வேகம். தம்பியின் பெஞ்ச் ட்ரில்லின் மேல்மூடியைத் திறந்து பார்த்தேன். கேற் பிணைச்சலுக்குப் பன்னிரண்டு மில்லித் துளை போட்ட காலத்தில் மாற்றிய பெல்ட் அப்படியே மிகக் குறைந்த வேகத்தில் கிடந்தது. சின்ன பிட்டுக்கு வேகம் கூட வேண்டும். ஒரு சுலபக் கணக்கு சொல்கிறேன், சுவரில் எழுதி வையுங்கள். உலோகத்துக்குரிய எண்ணை 318ஆல் பெருக்கி, பிட்டின் மில்லிமீற்றரால் பிரித்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். மென்மையாக்கிய உருக்குக்கு 20, துருப்பிடிக்காத உருக்குக்கு 12 என்று எடுக்கலாம். அப்படியானால் 3 மில்லி பிட்டுக்கு உருக்கில் ஏறத்தாழ 2100, துருப்பிடிக்காததில் 1270. பித்தளைக்கு நம் சின்ன மெஷினின் உச்ச வேகமும் போதாது, பெல்ட்டை மேலே ஏற்றிவிட வேண்டியதுதான். மெதுவாகச் சுற்றும் பிட்டைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் அவர் பிட்டுகளையும் முறித்துக்கொண்டிருந்தார்.

பித்தளைக்கு இன்னொரு குணம் உண்டு. அடிப்பக்கம் துளை விடும் நேரத்தில் பிட்டைத் தன் பக்கம் இழுக்கும். தகடு கையிலிருந்து பறிபட்டு விசிறிபோலச் சுற்றும். பிட்டின் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லில் இலேசாகத் தட்டையாக்கிவிட்டால் இழுக்காது. அந்த பிட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக வையுங்கள். தகட்டைக் கையால் பிடித்துத் துளைப்பதும், கையுறை போட்டுக்கொண்டு ட்ரில்லின் முன் நிற்பதும் விரலுக்குக் கேடு. கழுத்தில் துண்டு போட்டிருப்பதும் அப்படித்தான்.

இனி டெப்புக்கு வருவோம். தம்பி மூன்று டெப் கொண்ட கையடி செற்றை வைத்து ஒவ்வொரு துளையிலும் மூன்றையும் இறக்கி எடுக்கிறார். ஒரு டசின் கத்தியில் 48 மரைத்துளை. மூன்றால் பெருக்கினால் 144 தடவை கைபிடியைச் சுற்ற வேண்டும். ஒன்றரை மில்லித் தகட்டுக்கு இது தேவையா?

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் நிற்கும் பையன்மாரும் இதைச் சொல்வதில்லை. செற்றில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் மூன்று டெப்பும் ஒரே பருமன், முனையின் சாய்வு மட்டும் வேறு. தகடு மெல்லியதாகவும் துளை மறுபக்கம் விட்டதாகவும் இருந்தால் அதில் முதலாவதை முழுதாக ஓட்டினாலே மரை முடிந்துவிடும். மற்ற வகையில் முதலாவதும் இரண்டாவதும் வேண்டுமென்றே பருமன் குறைவாகச் செய்யப்பட்டவை, கடைசி டெப்தான் முழு மரையை வெட்டும். கழுத்தில் ஒரு வளையம் கீறியிருந்தால் முதலாவது, இரண்டு வளையம் இரண்டாவது, ஒன்றுமில்லாதது கடைசி. இந்த வகையில் முதலாவதோடு நிறுத்தினால் திருகாணி இறுகிப் பிடிக்கும், பலவந்தமாகத் திருகினால் தலை போகும். வாங்கும்போது வளையத்தைப் பாருங்கள்.

இரண்டையும் விட்டுவிட்டு, மெஷின் டெப் என்று விற்கும் ஒற்றை டெப்பை வாங்குவதே கத்திக்காரருக்கு நல்லது. அதிலும் முனைப்பள்ளம் சாய்வாக வெட்டிய வகை சீவலை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். மறுபக்கம் விட்ட துளைக்கு இதுவே சிறந்தது. டெப் முழுதும் திருகுபோலப் பள்ளம் ஓடும் வகை சீவலை மேலே இழுக்கும். அடி மூடிய துளைக்கு அது. இரண்டையும் மாற்றிப் போட்டால் சீவல் அடைபட்டு முறியும்.

டெப் முறிவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம், தம்பியிடம் மூன்றும் இருந்தன. துளை சின்னதாக இருப்பது ஒன்று. மரையின் பருமனிலிருந்து மரை இடைவெளியைக் கழித்தால் துளையின் அளவு வரும். எம்3 டெப்புக்கு இடைவெளி அரை மில்லி, ஆகவே துளை 2.5. எம்4க்கு இடைவெளி 0.7, துளை 3.3. பித்தளையில் இந்த அளவு சரி. உருக்கென்றால் எம்3க்கு 2.6 போடுங்கள். மரையின் பலம் கொஞ்சம்தான் குறையும், டெப்பைச் சுற்றும் பாரம் நன்றாகக் குறையும். தம்பி ரெண்டரை மில்லி டெப்புக்கு 2 மில்லித் துளை போட்டு வந்தார். அதற்கு 2.05 வேண்டும், 2.1 போட்டாலும் பாதகமில்லை. பார்க்க மயிரளவு வித்தியாசம்தான். அந்த மயிரளவில்தான் மூன்று பக்கெட் போனது.

டெப் சரிவாக இறங்குவது இரண்டாவது. இதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. பெஞ்ச் ட்ரில்லின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, டெப்பை அதன் சக்கில் பூட்டி, ஒரு கையால் கைபிடியை மெல்ல இறக்கி மறு கையால் சக்கைச் சுற்ற வேண்டும். மெஷின் நேராக நிற்கும்வரை டெப்பும் நேராகவே இறங்கும். அல்லது ஓரங்குலத் தடிப்பான இரும்புக் கட்டியில் டெப்பின் பருமனுக்கு நேரான துளை போட்டு வைத்துக்கொண்டு, அதைத் தகட்டின் மேல் வைத்து அதன் வழியாக டெப்பை இறக்கலாம். இப்படி வழிகாட்டி இருந்தால் பற்றறி ட்ரில்லிலும் டெப் போடலாம். கியரைக் குறைந்த வேகத்தில் வைத்து, முன்வளையத்தை மிகச் சின்ன எண்ணில் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டுங்கள். பாரம் கூடினால் டெப் முறிவதற்குப் பதில் ட்ரில் 'கரகர' என்று நழுவிவிடும். பித்தளையில் 48 மரையை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று சொன்னேன். தம்பி நம்பவில்லை. செய்து பார்த்தோம், தேநீர் ஆறித்தான் போயிருந்தது, ஆனால் மரை முடிந்திருந்தது.

மூன்றாவது எண்ணெய். பித்தளைக்கு வேண்டியதில்லை. உருக்குக்குக் கட்டாயம். வெட்டெண்ணெய் இல்லையென்றால் தேங்காயெண்ணெய் பூசினாலும் வெறுமையாக வெட்டுவதைவிட எவ்வளவோ மேல். வேர்க்‌ஷொப்பில் கிடக்கும் பழைய எஞ்சின் ஒயில் இதற்கு ஆகாது.

இப்போது சீனாவிலிருந்து ஒரே துண்டில் பிட், டெப், தலைப்பள்ளம் வெட்டி மூன்றும் சேர்ந்த கருவி வருகிறது. அறுகோணக் கால், பற்றறி ட்ரில்லில் அப்படியே பூட்டலாம். வழக்கமான ஆறு துண்டுச் செற்றில் எம்3, 4, 5, 6, 8, 10 இருக்கும். ஒரே இறக்கத்தில் துளை, மரை, பள்ளம் மூன்றும் முடியும். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. பிட் பகுதி தகட்டை முழுதாகத் தாண்டிய பிறகே டெப் பகுதி தொட வேண்டும். தகடு டெப்பின் பருமனைவிடத் தடிப்பாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வேலை செய்து, கருவி இரண்டு துண்டாகும். ஒன்றரை மில்லிப் பித்தளைக்கு எம்3 சரியாக ஓடும். அடுக்கிய தகட்டில் போடவே கூடாது.

இதனால்தான் ரெண்டரை மில்லியை விட்டு எம்3க்கு வரும்படி தம்பியிடம் சொன்னேன். டெப் பருமன், அவ்வளவு இலேசில் முறியாது. திருகாணி எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். கிண்ணியாவிலோ ஓட்டமாவடியிலோ ஒரு மீனவரின் கத்தியில் திருகாணி விழுந்தால் அவர் அங்கேயே வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். உவர்க்காற்றும் வாவித் தண்ணீரும் படுகிற பொருள் என்பதால் துருப்பிடிக்காத திருகாணியே போடுங்கள், விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் என்ற கொல்லர் மகன் 1890இல் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி இன்றும் உலகமெங்கும் விற்கிறது. ஒரு மரக்கைபிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, இரண்டு வளையம். ஐந்தே ஐந்து பாகம். அலகைப் பூட்டும் சுழல் வளையமும் 1955இல்தான் வந்தது. ஆணிக்கு ஒரு துளை, மரை ஒன்றுமே இல்லை. அவர் நேரம் மிச்சம் பிடித்தது கைபிடியில் பள்ளம் அறுக்க ஒரு பொறியைத் தானே செய்துகொண்டதால். விலை குறைந்த கத்தி ஒன்றும் செய்ய நினைத்தால் தம்பிமார் அதைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். 17 துளையை விரைவாகப் போடுவதைவிட மூன்று துளையில் கத்தியை முடிப்பது இலாபம். அந்தக் கத்தியை முதிரையில் செய்யலாம்.

மெஷின் விஷயம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் பெரிய மெஷின் ஒன்றைவிடச் சின்ன பெஞ்ச் ட்ரில் இன்னொன்று வாங்குவது கத்திக்காரருக்கு உதவும். ஒன்றில் பிட், மற்றதில் தலைப்பள்ளம் வெட்டி, மாற்றிப் பூட்டும் வேலையே இல்லை. ஆழத்தை நிறுத்தும் திருகைச் சரியாக வைத்தால் 48 பள்ளமும் ஒரே ஆழமாக வரும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த சின்ன மெஷின்கள் சில வீடுகளின் பின்பக்கத்தில் சாக்கு மூடிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட்டையும் சக்கையும் மாற்றினால் ஓடும். சக் ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் வட்டிப் பக்கம் போகாமல், ஓடர் தரும் கடைக்காரரையே பங்காளியாகச் சேர்த்துப் பாருங்கள். அவர் பித்தளையும் திருகாணியும் போடட்டும், இவர் உழைப்பைப் போடட்டும். இலாபத்தை எந்த வீதத்தில் பிரிப்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குத்தான் நட்டம், உழைத்தவருக்கு உழைப்பு போகும். அதையும் எழுதத்தான் வேண்டும். நம்மவர்கள் எழுத வெட்கப்பட்டே பங்குகளை முறித்துக்கொள்கிறார்கள்.

கத்தி என்றதும் நம் ஊரில் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு, மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் கேட்டுக்கொண்டார்கள். அந்த நாட்களில் தேங்காய் உரிக்கும் கத்தியையும் வீட்டில் வைக்க நாம் தயங்கினோம். அதை நினைத்துத் தொழிலை விடத் தேவையில்லை, நினைக்காமல் தொழில் செய்யவும் கூடாது. வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். என்ன செய்கிறீர்கள் என்று பொலிஸ் நிலையத்தில் நேரில் போய்ச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை விற்றீர்கள் என்று பில் புத்தகம் வையுங்கள். அலகு மூன்று அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி எவ்வளவு காசு தந்தாலும் வேண்டாம்.

இந்தியாவில் உத்தரப் பிரதேசத்து ராம்பூர், நவாபுகள் காலத்திலிருந்து மடக்குக் கத்திக்குப் பேர்போன ஊர். நம் சகோதரர்கள் பலர் தலைமுறையாகச் செய்த தொழில் அது. நீளம் கூடிக் கூடி ஒன்பது, பத்து அங்குலம் என்று போய், சினிமாவில் வில்லன் கையில் ஏறி, கடைசியில் 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு அரசு தடை போட்டது. தொழில் சரிந்தது. 2023இல் அந்த ஊர் நாற்சந்தியில் இருபது அடி உயரத்துக்கு ராம்பூர் கத்தியொன்றை நிறுவியிருக்கிறார்கள். செய்கிறவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

தம்பி கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை. அச்சுத்தகட்டைச் செய்ய அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் தகட்டில் ஒரு துளை பிழைத்து எறிந்துவிட்டு இரண்டாவது செய்தார். அதன் பிறகு முதல் டசினின் துளை வேலையும் மரை வேலையும் ஒரு பகலில், ளுஹருக்குப் போய்வந்த நேரமும் சேர்த்து, முடிந்துவிட்டன. இப்போது டெப் வாங்க அவர் வருவதே குறைவு. என் வியாபாரத்துக்கு அது நட்டம்தான், போகட்டும்.

ஏற்கெனவே டெப் முறிந்து சிக்கிய பித்தளைத் தகடுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவற்றையும் எறிய வேண்டாம் என்றேன். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி, சுடுநீரில் கரையுமளவு கரைத்து, தகட்டை அதில் போட்டு மெல்லிய சூட்டில் பல மணித்தியாலம் வைத்தால் உருக்கு டெப் கரைந்து கறுத்த பொடியாகிப் போகும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. மணிக்கூடு திருத்துகிறவர்களின் பழைய வித்தை இது. உருக்குத் தகட்டில் சிக்கியதை இப்படி எடுக்க முடியாது, தகடும் சேர்ந்து அரிபடும். பாத்திரம் மண்சட்டியாகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். தம்பி வீட்டுச் சமையல் இரும்புச் சட்டியை எடுத்துவிட்டார். டெப்போடு சேர்த்துச் சட்டியின் அடியும் அரித்துப்போய், வீட்டில் என் பெயர்தான் அடிபடுகிறது.